வலி போனால் காயம் போனதா?

(கொத்தமங்கலத்தில் நடந்த ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



குறுவட்டப் போட்டிகள் நெருங்கிவிட்டன. இந்தப் பருவத்தில் நம் ஆசிரியர் அறைகளில் ஒரு கேள்வி தவறாமல் வரும். "கால் பிசகிவிட்டது. போட்டிக்குப் பத்து நாள்தான் இருக்கிறது. அக்குபஞ்சர் பார்த்தால் சீக்கிரம் சரியாகிவிடும் என்கிறார்களே, அனுப்பலாமா?" பெற்றோர் நம்மிடம் கேட்கிறார்கள். சில சமயம் நாமே ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறோம்.

நான் மருத்துவர் அல்ல. அறிவியல் பாடம் நடத்தும் ஆசிரியை. ஆனால் ஒரு மாணவி மைதானத்தில் விழுந்தால் முதலில் ஓடிப்போய்த் தூக்குவது மருத்துவர் அல்லவே, நாம்தான். அந்த முதல் அரைமணி நேரத்தில் நாம் சொல்லும் சொல்லைத்தான் பெற்றோர் கேட்கிறார்கள். அதனால் இந்தக் கேள்விக்கு நாம் தெரிந்து பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அக்குபஞ்சர் நல்லதா கெட்டதா என்று பட்டிமன்றம் நடத்த நான் வரவில்லை. வளரும் பிள்ளையின் காயத்தில் அதற்கு எங்கே இடம் உண்டு, எங்கே இல்லை என்று மட்டும் பேச விரும்புகிறேன்.

பெற்றோர் ஏன் அங்கே போகிறார்கள்?

இதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். நம் பகுதியில் சுளுக்கு என்றால் மருத்துவமனைக்குப் போகும் வழக்கம் எப்போதுமே குறைவு. எண்ணெய் போட்டு உருவிவிடுகிறவர் ஒவ்வொரு ஊரிலும் இருப்பார். பிறக்கும்போது கால் முன்னால் வந்து பிறந்தவர் மிதித்தால் சுளுக்கு போய்விடும் என்பார்கள். முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் குழைத்துப் பற்றுப் போடுவார்கள். எலும்பு முறிந்தாலே கட்டுக்கட்டும் வைத்தியரிடம் போகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வரிசையில் இப்போது அக்குபஞ்சரும் சேர்ந்திருக்கிறது.

அங்கே போக நியாயமான காரணங்களும் உண்டு. மருத்துவமனைக்குப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும். எக்ஸ்ரே, ஸ்கேன் என்று எங்கே கொண்டுபோய் விடுவார்களோ என்ற கவலை. அக்குபஞ்சர் பார்ப்பவர் பக்கத்திலேயே இருக்கிறார். மாத்திரை கொடுப்பதில்லை. அரைமணி நேரம் உட்கார வைத்து, கையைப் பிடித்து நாடி பார்த்து, பொறுமையாகப் பேசுகிறார். கூட்டம் நிறைந்த புறநோயாளிகள் பிரிவில் கிடைக்காத ஒன்று இது.

பயமும் ஒரு காரணம். 2022 நவம்பரில் சென்னையில் 17 வயதுக் கால்பந்து வீராங்கனை ஒருவர் மூட்டு ஜவ்வு அறுவை சிகிச்சைக்குப் பின் உயிரிழந்ததை நாம் யாரும் மறக்கவில்லை. கட்டு இறுக்கமாக இருந்ததால் இரத்த ஓட்டம் தடைப்பட்டு, காலை எடுக்க வேண்டி வந்து, கடைசியில் உயிரும் போனது. அதன் பிறகு, "ஆஸ்பத்திரிக்குப் போனா காலையே எடுத்துருவாங்களாம் டீச்சர்" என்று சொல்லும் தாய்மார்களை நானே பார்த்திருக்கிறேன். அந்தப் பயத்தைக் கேலி செய்து பயனில்லை. அதற்குப் பதில் சொல்லத்தான் வேண்டும்.

இது எங்கிருந்து வந்தது?

அக்குபஞ்சர் சீனாவின் பழைய மருத்துவ முறை. உடலில் உயிராற்றல் ஓடும் பாதைகள் இருக்கின்றன, அவற்றில் உள்ள புள்ளிகளைத் தூண்டினால் நோய் நீங்கும் என்பது அதன் கோட்பாடு. பாடநூல்கள் 14 பாதைகளையும் 361 புள்ளிகளையும் கணக்கிடுகின்றன. குத்தும் ஊசி மிக மெல்லியது. தலைமுடியைவிடச் சற்றுத் தடிமன், அவ்வளவுதான். அதில் மருந்து எதுவும் இல்லை.

இது இந்தியாவுக்கு வந்த கதை நம் மாணவர்களுக்கும் சொல்லத் தக்கது. 1938-ல் ஜப்பானியப் படையெடுப்பில் சிக்கித் தவித்த சீனாவுக்கு இந்திய தேசிய காங்கிரஸ் ஐந்து மருத்துவர்களை அனுப்பியது. அவர்களில் ஒருவர் சோலாப்பூரைச் சேர்ந்த துவாரகநாத் கோட்னிஸ். அவர் 1942-ல் அங்கேயே இறந்தார். இன்னொருவர் கல்கத்தாவைச் சேர்ந்த பிஜய் குமார் பாசு. பாசு 1950-களின் இறுதியில் மீண்டும் சீனா சென்று அக்குபஞ்சர் கற்று, 1959-ல் திரும்பி வந்து கல்கத்தாவில் செய்யத் தொடங்கினார். அதாவது, இந்த முறையை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர் முறையாக மருத்துவம் படித்த ஒருவர். நோயைக் கண்டறியத் தெரிந்தவர் கையில்தான் இங்கே முதல் ஊசி இருந்தது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இதற்குத் திரும்பி வருவேன்.

மேற்கு நாடுகளில் இது பரவியது 1971-க்குப் பிறகு. நியூயார்க் டைம்ஸ் இதழாளர் ஜேம்ஸ் ரெஸ்டன் பீக்கிங் சென்றிருந்தபோது அவருக்குக் குடல்வால் அறுவை சிகிச்சை நடந்தது. சிகிச்சைக்குப் பின் வந்த வயிற்று உபாதைக்கு அங்கே ஊசி வைத்ததைப் பற்றி அவர் எழுதினார். அதன்பின் அமெரிக்காவில் ஆர்வம் பெருகியது. இன்று பல நாட்டு விளையாட்டு அணிகளில் ஊசி சிகிச்சை செய்கிறவர்கள் உண்டு. மருந்து இல்லாத சிகிச்சை என்பதால் ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டும் பயமில்லை என்பது விளையாட்டு வீரர்களுக்கு ஒரு கவர்ச்சி.

இந்திய அரசு 2003-ல் இதை ஒரு சிகிச்சை முறையாக ஏற்றது. 2019 பிப்ரவரியில் தனி மருத்துவ முறையாக அங்கீகரித்தது. ஐந்தரை ஆண்டு பி.என்.ஒய்.எஸ். என்னும் இயற்கை மருத்துவப் பட்டப் படிப்பில் அக்குபஞ்சர் ஒரு பாடம். இது ஒரு பக்கம். மறுபக்கத்தில், சில மாத வகுப்பு முடித்துவிட்டுப் பெயர்ப்பலகை மாட்டுகிறவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களில் சிலர் எக்ஸ்ரே தேவையில்லை, இரத்தப் பரிசோதனை தேவையில்லை, நாடியே எல்லாம் சொல்லிவிடும் என்கிறார்கள். நம் கவலை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

ஊசி என்ன செய்கிறது?

நாம் வகுப்பில் ஒரு சோதனையைச் சொல்லித் தரும்போது எப்படிச் சொல்கிறோம்? ஒரு செடிக்கு உரம் போடு, அதே போன்ற இன்னொரு செடிக்குப் போடாதே, மற்ற எல்லாம் ஒன்றாக இருக்கட்டும், பிறகு ஒப்பிட்டுப் பார் என்கிறோம். மருத்துவத்திலும் அதே வழிதான்.

ஜெர்மனியில் நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 1,162 பெரியவர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். முதல் குழுவுக்கு முறையான புள்ளிகளில் ஊசி. இரண்டாம் குழுவுக்குப் புள்ளியே இல்லாத இடங்களில் மேலாக ஊசி. மூன்றாம் குழுவுக்கு மருந்து, உடற்பயிற்சி, இயன்முறைச் சிகிச்சை என்ற வழக்கமான மருத்துவம். ஆறு மாதம் கழித்துப் பார்த்தார்கள். முடிவு 2007-ல் வெளிவந்தது. முதல் குழுவில் 47.6 விழுக்காட்டினருக்கு நல்ல முன்னேற்றம். இரண்டாம் குழுவில் 44.2 விழுக்காடு. மூன்றாம் குழுவில் 27.4 விழுக்காடு.

இந்த மூன்று எண்களையும் கரும்பலகையில் எழுதி மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள், நல்ல விவாதம் நடக்கும். ஊசி வைத்தவர்களுக்கு வலி குறைந்தது உண்மை. அதை மறுக்க முடியாது. ஆனால் சரியான புள்ளியில் குத்தினாலும் வேறெங்கோ குத்தினாலும் பலன் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. அப்படியானால் வலியைக் குறைத்ததில் புள்ளிக்குள்ள பங்கைவிட, ஊசி குத்தும் உணர்வுக்கும், அருகில் இருந்து கவனிக்கும் மனிதருக்கும், 'சரியாகிவிடும்' என்ற நம்பிக்கைக்கும் உள்ள பங்கு பெரிது என்று எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது.

உடலுக்குள் என்ன நடக்கிறது என்பதற்கும் ஒரு விளக்கம் உண்டு. 1976-ல் கனடாவில் புரூஸ் பொமரன்ஸ் என்ற ஆய்வாளர், எண்டார்ஃபின் வேலை செய்வதைத் தடுக்கும் நலாக்சோன் என்ற மருந்தைக் கொடுத்தால், ஊசியால் வரும் வலிக்குறைப்பும் நின்றுவிடுகிறது என்று எலிகளில் காட்டினார். எண்டார்ஃபின் நம் உடலே சுரக்கும் வலிநிவாரணி. ஊசி அதைச் சுரக்கத் தூண்டுகிறது என்பது அதன் பொருள்.

இப்போது நம் பிள்ளைகளுக்கு அடிக்கடி வரும் கணுக்கால் சுளுக்குக்கு வருவோம். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு, பெரியவர்களின் கணுக்கால் சுளுக்குக்கு அக்குபஞ்சர் பலன் தருமா என்று 2014-ல் பார்த்தது. கிடைத்த ஆய்வுகளின் தரம் போதவில்லை, பலன் உண்டு என்று அவற்றை வைத்து முடிவு சொல்ல முடியாது என்றது. பெரியவர்களுக்கே நிலை அது. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021-ல் நாள்பட்ட வலிக்கு அக்குபஞ்சரைப் பரிசீலிக்கலாம் என்று சொன்னது. அதுவும் 16 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு. நம் குறுவட்டப் போட்டியில் ஓடும் பிள்ளைகளில் பெரும்பாலோர் அந்த வயதுக்குக் கீழே இருக்கிறார்கள்.

ஆக, ஊசி வலியைக் குறைக்கக்கூடும். கிழிந்த ஜவ்வை ஒட்டும், விரிந்த எலும்பைச் சேர்க்கும் என்பதற்குச் சான்று இல்லை. வலி குறைவது வேறு, காயம் ஆறுவது வேறு.

பிள்ளை சிறிய உருவிலுள்ள பெரியவர் அல்ல

வளரும் பிள்ளையின் நீண்ட எலும்புகளின் முனைகளுக்கு அருகே குருத்தெலும்பால் ஆன வளர்ச்சித் தட்டு இருக்கிறது. எலும்பு நீள்வது அங்கேதான். பெண்களுக்கு 14, 15 வயதிலும் ஆண்களுக்கு 16, 17 வயதிலும் ஏறத்தாழ அது மூடிக்கொள்ளும். மூடும் வரை எலும்பில் அதுவே மெலிந்த இடம். பெரியவருக்குக் கணுக்காலில் ஜவ்வைக் கிழிக்கும் ஒரு திருகல், பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு வளர்ச்சித் தட்டையே பிளக்கக்கூடும். குழந்தைகளின் எலும்பு முறிவுகளில் 15 முதல் 30 விழுக்காடு வளர்ச்சித் தட்டைத் தொட்டவை என்கிறார்கள் மருத்துவர்கள். கவனிக்காமல் விட்டால் சிலருக்கு எலும்பு கோணலாகவோ குட்டையாகவோ வளர்ந்துவிடும். பார்வைக்கு அது வெறும் சுளுக்குப் போலவே வீங்கியிருக்கும்.

இன்னும் சில உண்டு. ஓடும், குதிக்கும் பிள்ளைகளுக்கு முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு மேட்டில் வலிக்கும். எட்டு முதல் பதினான்கு வயதில் குதிகால் வலிக்கும். இவை பெரும்பாலும் பயிற்சியின் அளவைக் குறைத்தாலே சரியாகிவிடும். குறைக்காமல் வலியை மட்டும் அடக்கினால் நீடிக்கும். பத்து முதல் பதினாறு வயதில் சிலருக்கு இடுப்பு மூட்டின் பந்துப் பகுதி நழுவும். ஆனால் பிள்ளை முழங்காலைப் பிடித்துக்கொண்டு 'இங்கேதான் வலிக்கிறது' என்று சொல்லும். முழங்காலில் எத்தனை ஊசி வைத்தாலும் இடுப்பில் நழுவியது தானாகத் திரும்பாது. நாள் கடந்தால் நடையே மாறிவிடும்.

அரிதான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பதின்வயதில் வரும் எலும்புப் புற்றுநோய் பெரும்பாலும் முழங்காலைச் சுற்றியே வரும். "கபடியில் அடிபட்டது, அதிலிருந்து வலிக்கிறது" என்றுதான் அதன் கதையும் தொடங்கும். இரவில் வலித்து எழுப்பும். வாரக்கணக்கில் போகாது. வீக்கம் மெல்ல மெல்லக் கூடும். ஆயிரம் பிள்ளைகளில் ஒருவருக்குக்கூட வராது. ஆனாலும் அந்த ஒரு பிள்ளை நம் வகுப்பில் உட்கார்ந்திருந்தால், இரண்டு மாதம் ஊசி வைத்துக்கொண்டிருந்தது அவள் உயிரின் விலையாகிவிடும்.

அதனால்தான் சொல்கிறேன், வலி ஒரு செய்தி. செய்தியைப் படிக்காமல் தபால்காரரை விரட்டிவிடக் கூடாது.

ஒரு கோ-கோ வீராங்கனை

சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய பள்ளியில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி இருந்தாள். கோ-கோ ஆட்டத்தில் அவள் கம்பத்தைச் சுற்றித் திரும்பும் வேகம் வேறு யாருக்கும் வராது. மாவட்டப் போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது பயிற்சியில் கணுக்கால் மடங்கியது. வீட்டில் அக்குபஞ்சர் பார்ப்பவரிடம் அழைத்துப் போனார்கள். மூன்று முறை வைத்ததும் வலி நன்றாகக் குறைந்துவிட்டது. அவர் பொய் சொல்லவில்லை, பிள்ளையும் பொய் சொல்லவில்லை. "வலியே இல்ல டீச்சர், நான் ஆடுறேன்" என்று வந்து நின்றாள்.

எங்கள் உடற்கல்வி ஆசிரியர் ஒன்றும் பேசவில்லை. அடிபடாத காலில் பத்து முறை நொண்டியடிக்கச் சொன்னார். அடித்தாள். அடிபட்ட காலில் அடிக்கச் சொன்னார். இரண்டாவது முறையே கையை வீசிச் சுவரைப் பிடித்தாள். வெளிப்பக்கக் கணு எலும்பை அவர் விரலால் அழுத்தியதும் முகம் சுருங்கிவிட்டது. "படம் எடுத்துட்டு வா, அப்புறம் பேசுவோம்" என்றார். அவள் அம்மா தயங்கினார். நானும் உடன் போனேன். எக்ஸ்ரேயில் வளர்ச்சித் தட்டின் வழியாக ஒரு விரிசல் தெரிந்தது. மூன்று வாரம் மாவுக்கட்டு.

அந்த ஆண்டு எங்கள் அணி முதல் சுற்றிலேயே தோற்றது. அவள் என்னிடம் இரண்டு மாதம் சரியாகப் பேசவில்லை. அந்தப் போட்டிக்காக ஒரு வருடம் உழைத்த பிள்ளைக்குக் கோபம் வராதா? உடற்கல்வி ஆசிரியரிடமும், "வலி இல்லைன்னு சொன்ன பிள்ளைய ஏன் சார் நிறுத்துனீங்க?" என்று கேட்டவர்கள் உண்டு. அவர் எடுத்த முடிவின் மதிப்பு எந்தக் கோப்பையிலும் தெரியாது. அந்தப் பெண் இரண்டு காலும் ஒரே அளவாக வளர்ந்து நடப்பதில் தெரியும்.

மைதானத்தில் நாம் செய்யக்கூடியவை

அடிபட்டவுடன் ஆட்டத்தை நிறுத்துங்கள். துணி சுற்றிய பனிக்கட்டியைப் பதினைந்து, இருபது நிமிடம் வையுங்கள். தோலில் நேரடியாக வைக்க வேண்டாம். காலை உயர்த்தி வையுங்கள். முதல் இரண்டு மூன்று நாளுக்கு உருவிவிடுவது, எண்ணெய் தேய்ப்பது, வெந்நீர் ஒத்தடம் மூன்றும் வேண்டாம். உள்ளே இரத்தக் கசிவு இருக்கும்போது இவை வீக்கத்தைக் கூட்டும்.

கட்டுப் போட்டால் விரல் நுனிகள் வெளியே தெரியட்டும். அரைமணிக்கு ஒருமுறை பாருங்கள். விரல் வெளுத்தாலோ நீலம் பாய்ந்தாலோ, குளிர்ந்தாலோ, மரத்துப்போனாலோ, வலி குறையாமல் கூடிக்கொண்டே போனாலோ கட்டை உடனே தளர்த்தி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். யார் போட்ட கட்டாக இருந்தாலும் இதுதான் விதி. மருத்துவமனையைக் கண்டு பயப்படும் தாய்க்கு நாம் சொல்ல வேண்டிய பதிலும் இதுவே: "போகாமல் இருப்பது பாதுகாப்பு அல்லம்மா. போய் வந்த பிறகு எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரிந்திருப்பதே பாதுகாப்பு."

எப்போது எக்ஸ்ரே தேவை? கணுக்காலுக்கு 1992-ல் கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் ஓர் எளிய விதி வகுத்தார்கள். அடிபட்டவர் நான்கு அடி எடுத்து வைக்க முடியவில்லை என்றாலோ, கணுவின் இரு பக்கமும் துருத்தி நிற்கும் எலும்பின் பின் ஓரத்திலோ நுனியிலோ அழுத்தினால் வலித்தாலோ படம் எடுக்க வேண்டும். நொண்டி நடந்தாலும் நான்கு அடி நான்கு அடிதான். பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கும் இது பயன்படுகிறது. வளர்ச்சித் தட்டை நினைவில் வைத்து, ஐயம் இருந்தால் அனுப்பிவிடுவதே நல்லது. முழங்காலில் 'படக்' என்று சத்தம் கேட்டு ஓரிரு மணி நேரத்தில் வீங்கினால் ஜவ்வு கிழிந்திருக்கலாம். உறுப்பு கோணியிருந்தால், எலும்பு வெளியே தெரிந்தால், தலையில் அடிபட்டு மயங்கினால் 108-ஐ அழையுங்கள். காரைக்குடி அரசு மருத்துவமனையும் சிவகங்கை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் நமக்கு எட்டும் தொலைவில் இருக்கின்றன.

அதற்குப் பிறகும் அக்குபஞ்சர் வேண்டும் என்றால்?

வேண்டாம் என்று தடுக்க நமக்கு அதிகாரமும் இல்லை, அவசியமும் இல்லை. என்ன காயம் என்று மருத்துவர் சொன்ன பிறகு, அவர் சொன்ன ஓய்வையும் பயிற்சியையும் விடாமல், வலிக்குத் துணையாக ஊசி வைத்துக்கொள்வதைப் பெற்றோர் விரும்பினால் அது அவர்கள் முடிவு. அதற்கு முன் சில கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள்.

சிகிச்சை அளிப்பவர் என்ன படித்தவர், எங்கே பதிவு பெற்றவர்? ஊசி உறை பிரிக்காத புதிய ஊசியா, ஒருமுறை பயன்படுத்தி எறிவதா? பயன்படுத்திய ஊசியைத் திரும்ப எடுத்தால் மஞ்சள்காமாலைக் கிருமி பரவும். மார்பு, தோள், முதுகுப் பக்கம் ஆழமாகக் குத்துகிறாரா? அங்கே ஊசி நுரையீரலைத் துளைத்த நிகழ்வுகள் உலகெங்கும் பதிவாகியிருக்கின்றன. பிள்ளைக்கு இரத்தம் உறையாத குறைபாடு உண்டா? பெற்றோர் ஒருவர் உடன் இருக்க அனுமதிக்கிறாரா? கடைசியாக, மிக முக்கியமாக, எக்ஸ்ரே எடுக்காதே, மருந்தை நிறுத்து என்று சொல்கிறாரா? சொன்னால் எழுந்து வந்துவிட வேண்டும்.

குழந்தைகளுக்கு ஊசி வைத்ததால் வந்த பாதகங்களை 2011-ல் பீடியாட்ரிக்ஸ் என்ற மருத்துவ இதழில் தொகுத்திருந்தார்கள். பதிவான 279-ல் 253 லேசானவை. இரத்தம் கசிதல், கன்றிப்போதல் போன்றவை. 25 கடுமையானவை. பயிற்சி பெற்றவர் கையில் ஆபத்து குறைவு என்பதும், ஆபத்தே இல்லை என்று சொல்ல முடியாது என்பதும் இந்த எண்களில் சேர்ந்தே இருக்கின்றன. இந்தியாவுக்கு இதைக் கொண்டுவந்த டாக்டர் பாசுவை முன்பு குறிப்பிட்டது இதற்காகத்தான். ஊசி பிடிக்கும் கைக்கு முன்னால், நோயைக் கண்டறியும் கண் வேண்டும்.

திரும்ப ஆடுவது எப்போது?

நம் பொறுப்பில் பெரியது இதுதான். 'வலி இல்லை' என்ற ஒரு சொல்லை வைத்துப் பிள்ளையை மைதானத்தில் இறக்கக் கூடாது. ஊசியோ, மாத்திரையோ, ஸ்பிரேயோ, போட்டியின் ஆசையோ, எது வேண்டுமானாலும் அந்தச் சொல்லைச் சொல்ல வைக்கும். காலைக் கேளுங்கள். நொண்டாமல் நடக்கிறதா? இரு காலும் ஒரே அளவு மடங்குகிறதா? ஒற்றைக் காலில் இரு பக்கமும் ஒரே மாதிரி நொண்டியடிக்க முடிகிறதா? நேராக ஓட முடிகிறதா? பிறகு வளைந்து ஓட, சட்டென நின்று திரும்ப முடிகிறதா? முழுப் பயிற்சியை ஒரு வாரம் தாங்குகிறதா? ஒவ்வொரு படியும் தேறிய பிறகுதான் அடுத்த படி. மருத்துவர் தேதி சொல்லியிருந்தால் அந்தத் தேதிக்கு முன் எதுவும் இல்லை.

இதற்குச் செலவில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். அடிபட்ட தேதி, இடம், என்ன நடந்தது, யாரிடம் காட்டினார்கள், எந்தப் படியில் இருக்கிறாள் என்று எழுதுங்கள். உடற்கல்வி ஆசிரியர் மாறுதலில் போனாலும் அடுத்து வருகிறவருக்கு அந்த நோட்டு பேசும். உடற்கல்வி ஆசிரியர் இல்லாத தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் வகுப்பாசிரியரே எழுதலாம்.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. இடுப்பில், தொடையில் வலி என்றால் அவர்கள் ஆண் ஆசிரியரிடம் சொல்லக் கூச்சப்படுவார்கள். வீட்டில் சொன்னால் 'இனிமேல் விளையாடப் போகாதே' என்று நிறுத்திவிடுவார்கள் என்று பயந்து மறைப்பார்கள். அந்தப் பயம் பெரும்பாலும் உண்மையாகவும் இருக்கும். பெண் ஆசிரியர் ஒருவர் வாரம் ஒருமுறை அணியில் உள்ள பெண்களிடம் தனியாகப் பேசினால் பல காயங்கள் தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். காயத்தைச் சொன்னதற்காக விளையாட்டை இழக்க மாட்டாய் என்ற உறுதியையும் நாம்தான் தர வேண்டும்.

தலைமையாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு கல்லூரி இடம், ஓர் அரசு வேலை என்று ஒரு குடும்பத்தின் தலையெழுத்தே ஒரு சான்றிதழில் மாறும் ஊர் நம்முடையது. அதனால் உடற்கல்வி ஆசிரியர் மீது எல்லாப் பக்கமிருந்தும் அழுத்தம் வரும். 'இந்தப் பிள்ளை இந்த முறை ஆட வேண்டாம்' என்று அவர் சொல்லும்போது பள்ளி அவருக்குப் பின்னால் நிற்க வேண்டும். அந்த முடிவை அவர் தனியாகச் சுமக்கும்படி விட்டுவிடக் கூடாது.

அடுத்த வாரம் பயிற்சி தொடங்குகிறது. தொடங்கும் முன் ஒவ்வொரு பள்ளியிலும் அந்த நோட்டுப் புத்தகத்தை வாங்கி, முதல் பக்கத்தில் இரண்டு வரி எழுதிவிடுங்கள். என்ன காயம் என்று தெரிந்த பிறகே எந்தச் சிகிச்சையும். காலைச் சோதித்த பிறகே எந்த ஆட்டமும்.